விடிய விடிய ஓடும் டாய்லெட் தண்ணீர்: கோளாறு எங்கே? கண்டுபிடிக்க 4 சொட்டு நீலம் போதும்

தேனி:-

ராத்திரி ஊரே அடங்கிய பிறகு பாத்ரூம் பக்கம் இருந்து "உஸ்ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம். பைப்பு எல்லாம் அடைத்துத்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கேயோ தண்ணீர் ஓடுகிறது. காலையில் எழுந்து பைப்பைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. முதல் நாள் மாலை மோட்டார் போட்டு நிரப்பிய மாடி டேங்க் காலி.

அப்புறம் என்ன? காம்பவுண்டு வீடாக இருந்தால் சண்டைதான். "உங்க வீட்லதான்க்கா பைப்ப தொறந்து போட்டுட்டு தூங்குறீங்க" என்று ஒருவர். "நாங்க ரெண்டு குடம்கூட பிடிக்கல" என்று இன்னொருவர். வீட்டு உரிமையாளர் இருவரையும் திட்டுவார். மோட்டார் சரியில்லை, நகராட்சி தண்ணீர் விடவில்லை என்று பழி ஊர் முழுக்கச் சுற்றி வரும்.

ஆனால் உண்மையான குற்றவாளி பல வீடுகளில் டாய்லெட்டில் இருக்கும் பிளஷ் டேங்குக்குள் ஒளிந்து இருக்கிறது. அது ஒரு சின்ன வால்வு. அதற்குள் இருக்கும் சுண்டு விரல் நகம் அளவு ரப்பர் வாஷரில் மண் மாட்டினாலே போதும், விடிய விடிய தண்ணீர் ஓடும்.

இதைக் கண்டுபிடிக்க பெரிய படிப்பு தேவை இல்லை. பாதிக்கு மேல் கோளாறுகளை வீட்டில் இருப்பவர்களே சரி செய்துவிடலாம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். தண்ணீர் மேல் வழியாகப் போகிறதா, கீழ் வழியாகப் போகிறதா? இதைப் பார்க்காமல் புது வால்வு வாங்கி மாட்டினால் காசும் போகும், தண்ணீரும் நிற்காது.

எவ்வளவு தண்ணீர் வீண்?

"கொஞ்சமாத்தானே ஓடுது" என்று பலரும் விட்டு விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

ஒரு நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி லிட்டர் தண்ணீர் கசிகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 288 லிட்டர் ஆகிறது. 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்தால் 19 குடம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்பது மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டுதல். அப்படிப் பார்த்தால் இரண்டு பேருக்கு உரிய தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் சாக்கடைக்குப் போகிறது.

வால்வு இன்னும் மோசமாக இருந்து, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் கதையே வேறு. இரவு 10 மணிக்குப் படுத்து காலை 6 மணிக்கு எழுவதற்குள் 480 லிட்டர் காலி. 500 லிட்டர் மாடி டேங்க் வைத்திருக்கும் வீட்டில் பல் துலக்கக்கூட தண்ணீர் மிஞ்சாது.

கரண்டு பில்லும் ஏறும். ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் குறைந்தது முக்கால் யூனிட் ஆகும். இந்தக் கசிவுக்காக தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக மோட்டார் ஓட்டினால் 60 நாளில் 45 யூனிட்.

அடுத்தது செப்டிக் டேங்க். கழிவு அடியில் தங்குவதற்கு அந்தத் தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். ராத்திரி பகலாக தண்ணீர் வந்து கொண்டே இருந்தால் கழிவும் சேர்ந்து அடித்துக் கொண்டு உறிஞ்சு குழிக்குப் போய்விடும். உறிஞ்சு குழி அடைத்துக் கொள்ளும். "போன வருஷம்தானே லாரி வச்சு எடுத்தோம், அதுக்குள்ள நிறைஞ்சிருச்சே" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் பிளஷ் டேங்க்தான்.

டேங்குக்குள் ஒரு பெரியாறு அணை

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு நீர்மட்டம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. பென்னிகுக் கட்டி 1895-ம் ஆண்டு திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டத்தை தினமும் பார்த்துத்தான் இங்கே வயலில் இறங்குகிறார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னபோது ஊர் ஊராக வெடி போட்டுக் கொண்டாடியவர்கள் இவர்கள்.

பிளஷ் டேங்கும் அதே மாதிரிதான். இதற்கும் ஒரு நீர்மட்டம் உண்டு. தண்ணீர் வரும் வழி ஒன்று. தேவைக்குத் திறந்து விடும் வழி ஒன்று. மட்டம் தாண்டினால் உபரியாக வெளியேறும் வழி ஒன்று.

தண்ணீர் வரும் வழியில் இருப்பதுதான் மிதவை வால்வு. பிளம்பர்களும் கடைக்காரர்களும் "பால் வால்வு" என்பார்கள். ஒரு மிதவை அதோடு சேர்ந்து இருக்கும். பழைய மாடலில் கம்பி நுனியில் பந்து மாதிரி இருக்கும். புது மாடலில் வால்வை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் கப் மாதிரி மேலும் கீழும் ஏறி இறங்கும்.

பிளஷ் அழுத்தினால் தண்ணீர் இறங்கும், மிதவையும் இறங்கும், வால்வு திறக்கும். தண்ணீர் நிறைய நிறைய மிதவை ஏறும். குறிப்பிட்ட மட்டம் வந்ததும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை அழுத்தி தண்ணீரை நிறுத்திவிடும். மிதவையை வைத்து தண்ணீரை நிறுத்தும் இந்த யோசனை 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. எகிப்து நாட்டின் அலெக்சாண்டிரியாவில் நேரம் பார்க்கும் நீர்க்கடிகாரத்திலேயே இது இருந்திருக்கிறது.

டேங்கின் நடுவில் அடியில் இருப்பது பிளஷ் வால்வு. அதற்கு அடியிலும் ஒரு பெரிய ரப்பர் வாஷர் இருக்கும். பட்டனை அழுத்தினால் இது தூக்கிக் கொள்ளும், தண்ணீர் கோப்பைக்குள் பாயும்.

அதோடு சேர்ந்து நேராக நிற்கும் குழாய்தான் ஓவர்புளோ குழாய். மட்டம் தாண்டிய தண்ணீர் இதன் வாய் வழியாக உள்ளே விழுந்து நேராகக் கோப்பைக்குப் போய்விடும். பெரியாறு அணையில் உபரித் தண்ணீரை ஷட்டர் வழியாகத் திறந்தால் அது நம் பக்கம் வராது. கேரளப் பக்கம் இறங்கி இடுக்கி அணைக்குப் போய்விடும். அதே மாதிரிதான் இதுவும். டேங்க் வழிந்து பாத்ரூம் நனைந்தால் உடனே தெரிந்துவிடும். இது சத்தம் இல்லாமல் கோப்பைக்குள் போவதால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

4 சொட்டு நீலம் சோதனை

தண்ணீர் மேல் வழியாகப் போகிறதா, கீழ் வழியாகப் போகிறதா என்று கண்டுபிடிக்கும் முறை வருமாறு:-

1. டேங்க் மூடியை மெதுவாகக் கழற்றி தரையில் படுக்க வைக்க வேண்டும். பல மாடல்களில் பட்டனைத் திருகிக் கழற்றினால்தான் மூடி வரும். பீங்கான் மூடியாக இருந்தால் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது. வழுக்கி விழுந்தால் அதற்குத் தனிச் செலவு.

2. டேங்க் நிறைந்து இருக்கும்போது, டேங்குக்குக் கீழே சுவரில் இருக்கும் ஆங்கிள் காக்கை வலது பக்கம் திருகி முழுவதும் அடைக்க வேண்டும்.

3. தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும்.

4. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நான்கைந்து சொட்டு டேங்குக்குள் விட வேண்டும். அரை மணி நேரம் யாரும் பிளஷ் அழுத்தக் கூடாது.

அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

கோப்பைத் தண்ணீர் நீலமாகி, டேங்கில் மட்டமும் இறங்கி இருந்தால், கீழ் வழிக் கசிவு. பிளஷ் வால்வின் அடி வாஷரில்தான் கோளாறு. மேலே இருக்கும் பால் வால்வு மேல் தப்பு இல்லை.

கோடு போட்ட இடத்திலேயே தண்ணீர் நிற்கிறது, கோப்பையிலும் நீலம் இல்லை என்றால், அடி வாஷர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போது ஆங்கிள் காக்கைத் திறந்து விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஏறி ஓவர்புளோ குழாய் வாய்க்குள் விழுந்து கொண்டே இருந்தால், கோளாறு பால் வால்வில்.

மட்டம் இறங்குகிறது, ஆனால் கோப்பையில் நீலம் இல்லையா? டேங்கில் விரிசல் இருக்கலாம். அல்லது அடியில் நட்டு, வாஷர் வழியாக வெளியே கசியலாம். டேங்குக்கு அடியில் காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்தால் நீலம் ஒட்டும்.

மேலே உயரத்தில் டேங்க் வைத்து சங்கிலி இழுக்கும் பழைய இந்தியன் டாய்லெட்டுகளில் இந்தச் சோதனை தேவைப்படாது. பெரும்பாலும் அதில் அடி வாஷர் கிடையாது. சைபன் முறையில் தண்ணீர் மேலே ஏறித்தான் இறங்கும். அந்த டேங்கில் இருந்து சும்மா இருக்கும்போது தண்ணீர் சொட்டினால் முதல் சந்தேகம் பால் வால்வு மேல்தான்.

கையால் தூக்கிப் பாருங்கள்

கோளாறு பால் வால்வில்தான் என்று உறுதியானால், அடுத்தது ஒரே ஒரு சோதனை. ஓவர்புளோ ஆகிக் கொண்டிருக்கும்போது மிதவையை விரலால் லேசாக மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும்.

தூக்கியதும் தண்ணீர் நின்றுவிட்டால் வால்வுக்கு உயிர் இருக்கிறது. மிதவை வைத்திருக்கும் உயரம்தான் தப்பு. நன்றாகத் தூக்கிப் பிடித்தும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது மண் மாட்டி இருக்கிறது.

உயரம் தப்பு என்றால் திருகு வேலை மட்டும்தான். புது மாடலில் மிதவையின் பக்கத்தில் நீளமான பிளாஸ்டிக் திருகு அல்லது கிளிப் இருக்கும். அதை அசைத்து மிதவையைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். பித்தளைக் கம்பி மாடலில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து லேசாகக் கீழ்நோக்கி வளைத்தால் போதும். ஓவர்புளோ குழாய் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சரியான மட்டம்.

மிதவை டேங்க் சுவரிலோ, நடுவில் இருக்கும் பிளஷ் வால்விலோ உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். உரசினால் பாதியில் மாட்டிக் கொண்டு மேலே ஏறாது. பந்து மாடலாக இருந்தால் கழற்றி காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டால் பந்து ஓட்டை. அது மிதக்காது, மாற்ற வேண்டியதுதான்.

மண் மாட்டினால் கழுவும் முறை

தூக்கிப் பிடித்தும் தண்ணீர் நிற்காத வால்வை உடனே தூக்கிப் போட வேண்டாம். முதலில் கழுவிப் பார்க்க வேண்டும். கழுவும் முறை வருமாறு:-

ஆங்கிள் காக்கை அடைத்துவிட்டு ஒரு தடவை பிளஷ் அழுத்தி டேங்கைக் காலி செய்ய வேண்டும். சின்ன திருகு, வாஷர் தவறி விழுந்து உள்ளே போகாமல் இருக்க அடியில் ஒரு பழைய துணியைப் போட்டு வைப்பது நல்லது.

புது மாடல் வால்வின் தலைப்பகுதி மூடி மாதிரி இருக்கும். வால்வின் உடம்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக் கொண்டு, தலையை இடது பக்கம் லேசாகத் திருகினால் பல மாடல்களில் கையோடு வந்துவிடும். உள்ளே வட்டமான ரப்பர் வாஷர் தெரியும். அதை எடுத்துக் கழுவி, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நடுவில் குழி விழுந்திருந்தாலோ, கீறல் இருந்தாலோ அதற்கு ஆயுள் முடிந்தது.

பித்தளை மாடலில் கம்பியைப் பிடித்திருக்கும் சின்ன பின்னை உருவினால் கம்பி வந்துவிடும். பிறகு உள்ளே இருக்கும் பிஸ்டனை வெளியே எடுக்கலாம். அதன் நுனியில்தான் வாஷர் இருக்கும்.

வாஷரைக் கழுவினால் மட்டும் போதாது. குழாய்க்குள்ளும் மண் நிற்கும். அதனால் திறந்து கிடக்கும் வால்வு வாய் மீது ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக் கொண்டு, இன்னொருவரை ஆங்கிள் காக்கை சில வினாடி திறக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் பீய்ச்சி அடித்து மண்ணைத் தள்ளிக் கொண்டு வரும். டம்ளர் இருப்பதால் முகத்தில் அடிக்காது. பிறகு அடைத்துவிட்டு கழற்றிய மாதிரியே மாட்டிவிடலாம்.

டேங்க் நிறைய அரை மணி நேரம் ஆகிறது என்பவர்களுக்கும் இதே வைத்தியம்தான். ஆங்கிள் காக் முழுவதும் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல வால்வுகளில் தண்ணீர் நுழையும் இடத்தில் சின்ன சல்லடை இருக்கும். அதில் மண் அடைத்தால் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். சல்லடையை எடுத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும்.

மழைக்காலமும் போர் தண்ணீரும்

மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்து தண்ணீர் கலங்கினால், அந்தக் கலங்கல் குழாய் வரைக்கும் எட்டும். ரோட்டில் குழாய் உடைந்து ஒட்டுப் போட்ட மறுநாளும் இதே கதை. அந்த மண் துகள் வந்து நிற்கிற முதல் இடம் வால்வின் வாய்.

போர் தண்ணீர் மட்டும் பயன்படுத்தும் வீடுகளில் வேறு தொல்லை. உப்புத் தண்ணீராக இருந்தால் வால்வு, மிதவை, வாஷர் எல்லாவற்றிலும் வெள்ளையாகக் கல் மாதிரி படியும். மிதவை இறுகிப் போகும். கழற்றிய பிளாஸ்டிக் பாகங்களை வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ ஒரு மணி நேரம் ஊற வைத்துத் தேய்த்தால் உப்பு கரைந்துவிடும்.

சிலர் அவசரப்பட்டு பாத்ரூம் கழுவும் ஆசிட்டை டேங்குக்குள் ஊற்றி விடுகிறார்கள். இது ஆபத்து. உள்ளே இருக்கும் ரப்பரையும் உலோகத்தையும் ஆசிட் அரித்துவிடும். அதைவிட முக்கியம், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே இடத்தில் சேர்ந்தால் குளோரின் விஷ வாயு வரும். கதவு மூடிய சின்ன டாய்லெட்டுக்குள் அது உயிருக்கே உலை வைக்கும்.

புதுசு வாங்கினால் கவனிக்க வேண்டியது

கழுவியும் நிற்கவில்லை என்றால் வாஷர் மட்டும் மாற்றிப் பார்க்கலாம். அந்த மாடலுக்கு வாஷர் கிடைக்கவில்லை என்றால் முழு வால்வையும் மாற்ற வேண்டும். கடைக்குப் போகும்போது பழைய வால்வைக் கையோடு கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். டேங்குக்கு அடியில் இருந்து தண்ணீர் ஏறும் மாடல் வேறு, பக்கவாட்டில் நுழையும் மாடல் வேறு. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் கேட்டு வாங்க வேண்டும்.

மாட்டும்போது பலரும் செய்யும் தப்பு, ஸ்பேனர் போட்டு முழு பலத்தோடு முறுக்குவது. அடியில் இருப்பது பிளாஸ்டிக் நட்டு. கையால் இறுக்கிவிட்டு அதற்கு மேல் கால் சுற்று போதும். அதிகம் முறுக்கினால் நட்டு உடையும், பீங்கான் டேங்காக இருந்தால் டேங்கே விரியும். கனெக்‌ஷன் பைப்பின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருந்தால் டெப்லான் டேப் சுற்றத் தேவை இல்லை. தண்ணீரைத் தடுப்பது அந்த வாஷர்தான்.

புது மாடல் சிலவற்றில் வால்வில் இருந்து ஒரு மெல்லிய டியூப் ஓவர்புளோ குழாய்க்குப் போகும். அதன் நுனி குழாய் வாய்க்கு மேலே நிற்க வேண்டும். டியூப் நீளமாக இருக்கிறது என்று உள்ளே ஆழமாகச் சொருகிவிட்டால், அது சத்தம் இல்லாமல் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றிக் கொண்டே இருக்கும். புது வால்வு மாட்டியும் தண்ணீர் நிற்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்பு இதைப் பார்ப்பது நல்லது.

சுவருக்குள் பதித்த டேங்காக இருந்தாலும், ஆங்கிள் காக்கே அடைபடாமல் சுற்றிக் கொண்டு இருந்தாலும் பிளம்பரைக் கூப்பிடுவதுதான் சரி. கட்டாயப்படுத்தித் திருகினால் காக் உடைந்து வீடு முழுக்கத் தண்ணீர் ஆகிவிடும்.

அடி வாஷர் என்றால்...

நீலம் சோதனையில் கீழ் வழிக் கசிவு என்று தெரிந்தவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். முதலில் பட்டன் உள்ளே மாட்டிக் கொண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டன் முழுவதும் மேலே வரவில்லை என்றால் அடி வாஷர் சரியாக உட்காராது.

பட்டன் சரி என்றால், டேங்கைக் காலி செய்து நடுவில் இருக்கும் பிளஷ் வால்வை இடது பக்கம் திருகித் தூக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் கையோடு வரும். அடியில் இருக்கும் வட்ட ரப்பரைச் சுற்றி பாசி, உப்பு, மண் பிடித்திருக்கும். அதையும், அது உட்காரும் இடத்தையும் துணியால் துடைத்தாலே பல நேரம் கசிவு நின்றுவிடும். ரப்பர் வளைந்தோ விறைத்தோ போயிருந்தால் அந்த ரப்பரை மட்டும் மாற்றினால் போதும்.

குடிநீர்க் குழாயில் நேராக இணைக்காதீர்கள்

சில வீடுகளில் மாடி டேங்க் இல்லாமல், நகராட்சி குடிநீர்க் குழாயில் இருந்து நேராக பிளஷ் டேங்குக்கு இணைப்பு கொடுத்து வைத்திருக்கிறார்கள். இதில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு ஆபத்து உண்டு.

குடிநீர் எப்போதும் வருவது இல்லை. தண்ணீர் நின்ற பிறகு குழாய் காலியாகும்போது உள்ளே ஒரு உறிஞ்சல் ஏற்படும். தெருவில் யாராவது குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். அந்த நேரத்தில் வால்வு பழுதாகி, தண்ணீர் நுழையும் வாய் டேங்க் தண்ணீருக்குள் மூழ்கி இருந்தால், டாய்லெட் டேங்க் தண்ணீர் பின்னோக்கி குடிநீர்க் குழாய்க்குள் போக வாய்ப்பு இருக்கிறது. அதே குழாயில்தான் அடுத்த வீட்டுக்காரர் குடிக்கப் பிடிக்கிறார்.

அதனால் டாய்லெட்டுக்கு எப்போதும் மாடி டேங்கில் இருந்துதான் இணைப்பு கொடுக்க வேண்டும். பால் வால்வும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும்.

பிளஷ் டேங்க் இல்லாத வீடுகளுக்கும்...

"எங்க வீட்ல வாளில மொண்டு ஊத்துறதுதான், எங்களுக்கு எதுக்கு இது" என்று கேட்கலாம். 2014-ம் ஆண்டு தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் ரூ.12 ஆயிரம் மானியம் வாங்கிக் கட்டிய கிராமத்துக் கழிப்பறைகளில் பிளஷ் டேங்க் கிடையாதுதான்.

ஆனால் இதே பால் வால்வு பெரிய அளவில் மாடி டேங்கில் இருக்கிறது, தரைத் தொட்டியில் இருக்கிறது. அங்கேயும் கோளாறு இதேதான். மிதவை ஓட்டை, வாஷர் தேய்வு, மண் அடைப்பு. மிதவையைத் தூக்கிப் பார்க்கும் சோதனையை அங்கேயும் செய்யலாம். மாடியில் இருந்து தெருவில் தண்ணீர் கொட்டும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

செப்டிக் டேங்க் நிறைந்து போனால் மட்டும் சொந்தமாக எதுவும் முயற்சி செய்யக் கூடாது. மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதோ, ஆளை இறக்குவதோ கூடவே கூடாது. உள்ளே இருக்கும் விஷ வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து சாகிறார். பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். லாரியில் குழாய் வைத்து உறிஞ்சுவதுதான் வழி. அந்த லாரியை அடிக்கடி கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்றால் மேலே சொன்ன சின்ன வாஷரைக் கவனிக்க வேண்டும்.

மாதம் ஒரு தடவை

மாதம் ஒரு தடவை டேங்க் மூடியைத் திறந்து பார்த்தால் போதும். தண்ணீர் மட்டம் ஓவர்புளோ வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிற்கிறதா, மிதவை லேசாக ஏறி இறங்குகிறதா என்று பார்க்க 5 நிமிடம்கூட ஆகாது. ஊருக்குப் போகும்போது ஆங்கிள் காக்கை அடைத்துவிட்டுப் போவதும் நல்ல பழக்கம்.

பெரியாற்றுத் தண்ணீர் தேக்கடியில் இருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, லோயர் கேம்ப்பில் கரண்டு எடுத்து, வயலுக்கும் பாய்ந்து, குடிநீராகவும் ஊர் ஊருக்கு வருகிறது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் ஒரு வாஷரில் தோற்றுப் போகக் கூடாது.

இன்று ராத்திரி படுக்கப் போகும் முன்பு டி.வி.யை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பாத்ரூம் வாசலில் நின்று கேளுங்கள். "உஸ்ஸ்" என்று சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டாரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சொட்டு நீலம் பாட்டிலை எடுங்கள்.